ஏக்கம் என்றொரு நோய்

எங்கள் ஊரில் அப்போது ஏக்கம் என்று ஒரு நோய் இருந்தது. பாபநாசத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். அப்பா மஸ்கட்டில் லாரி ஓட்டினார். ஆள் போன வீட்டில் பிள்ளை சாப்பிடாவிட்டால் ஏக்கம், பெண் இளைத்தால் ஏக்கம், மாடு பால் குறைத்தால்கூட ஏக்கம்தான். போனவரின் பழைய சட்டையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் தெளிந்துவிடும் என்பார்கள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கையில் அது அம்மாவுக்கு வந்தது. பானையை வழித்துச் சாப்பிட்டாள், ஆனாலும் ரவிக்கை தொளதொளத்துப் போயிற்று. மார்கழிக் குளிரில் நாங்கள் போர்வைக்குள் சுருண்டிருக்க, அவள் வெறும் சிமெண்ட் தரையில் வியர்த்துக் கிடந்தாள். காப்பி கொண்டுவரும்போது டம்ளரும் டவராவும் மோதிக்கொள்ளும் சத்தம் முதலில் வரும், அம்மா பிறகு வருவாள். கண்கள் பெரிதாகிவிட்டன, எனக்கு அது அழகாகவே தெரிந்தது. அவள் மார்பில் காதை வைத்துப் படுத்தால் உள்ளே தடதடவென்று ஓடும், சட்டென்று ஒரு துடிப்பு விட்டுப்போகும், பிறகு இரண்டு மூன்று அவசரமாகச் சேர்ந்து வரும். எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் அடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். "எப்படி அடிச்சுக்குது பாரு. தம்பியை நெனச்சே உருகிட்டா" என்றாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைத்தெரு டாக்டர், "வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று கேட்டார். மஸ்கட் என்றதும் சிரித்தார், மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. படித்தவருக்கும் ஏக்கம்தான் வசதியாக இருந்தது. சிவப்பு டானிக்கும் தூக்க மாத்திரையும் கொடுத்தார்.

அம்மா ஒரே ஒரு தடவை, "அவரை நெனச்செல்லாம் இல்ல அண்ணி. சும்மா இருக்கறப்பவே அடிச்சுக்குது" என்றாள். அத்தைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அத்தை எஸ்டிடி பூத்துக்குப் போய் அப்பாவை வரச்சொன்னாள். அவரும் வேலையை விட்டுவிட்டு வந்தார். மருந்தே விமானத்தில் வந்து இறங்கியதாகத் தெருவே சொன்னது. அம்மாவின் நெஞ்சு அடங்கக் காத்திருந்தோம். அடங்கவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும் அவள் கழுத்து நரம்பு துள்ளிக்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் பரிமாறுகையில் கரண்டி நடுங்கி, குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"புருஷன் எதிர்ல உக்காந்திருக்கான். இன்னும் யாருக்காகடி இப்படி அடிச்சுக்குது?"

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா சிந்தின குழம்பைத் துடைத்தாள். அன்று முதல் அப்பா கட்டிலை, மாடில்லாமல் காலியாகக் கிடந்த கொட்டகைப் பக்கம் போட்டுக்கொண்டார். பால்காரர் மணி அடித்தால் தானே போய்ப் பால் வாங்கினார். அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சம்பா நடவு முடிவதற்குள், வேறு கம்பெனியில் வேலை கிடைத்ததென்று மறுபடியும் போய்விட்டார். பஸ் ஏறும்போது அம்மாவிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிச் சடையில் கை நழுவியது. திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைக் கூப்பிடப் பார்த்தாள், பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா நாடியைப் பிடித்தார், கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். ரத்தப் பரிசோதனை வந்ததும் அத்தையைக் கூப்பிட்டார். நானும் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. அது அளவுக்கு மேல சுரந்தா இதயம் தாறுமாறா அடிக்கும். உள்ளேயே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைச்சிருக்கு. முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலேயே அடக்கியிருக்கலாம். இத்தனை நாளா என்னன்னு நெனச்சீங்க?"

"ஏக்கம்னு நெனச்சோம்" என்றாள் அத்தை.

அறுவடைக்கு முன்பே அம்மா போய்விட்டாள். அப்பாவால் காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. காரியம் முடிந்து சனம் கலைந்ததும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"டாக்டரம்மா சொன்னப்ப நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்ப்பா."

"கழுத்துல இருக்கறதுதான் நெஞ்சை அப்படி அடிக்க வச்சுதுன்னு சொன்னாங்களா? நிச்சயமா? வேற எதுவும் காரணமில்லைன்னு?"

"ஆமாம்ப்பா. தைராய்டுதான்னாங்க."

அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சரியான டாக்டரிடம் காட்டாததற்காக அழுகிறார் என்று நினைத்து, "உங்களை டாக்டரம்மா ஒண்ணுமே திட்டலைப்பா" என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன்.