தகரத் தொப்பி போட்ட ரோமைச் சேவகர்

டால்டா டின்னை வெட்டித் தட்டிச் செய்த தொப்பி அது. உச்சியில் சிவப்புச் சாயம் ஏற்றிய தேங்காய் நார், மூக்கையும் இரண்டு கன்னத்தையும் மறைக்க நீளமாகத் தகரத் துண்டுகள். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை மாட்டியதும் என் வீட்டுக்காரர் காணாமல் போய்விடுவார். ரோமைச் சேவகர்தான் நிற்பார். கோழி அறுக்கக்கூட அடுத்தவரைக் கூப்பிடுகிற மனிதர்.

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையடியில் எங்கள் கோயில் தெருவில் ஏசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். ஏசுவாக நின்றவர் என் கொழுந்தனார். சாட்டை என்பது பழைய வேட்டியைத் திரித்துச் சிவப்புச் சாயத்தில் முக்கியது. அடித்தால் வலிக்காது, முதுகு மட்டும் சிவக்கும். எங்களுக்கு அது தெரியும். புளி விற்க மலையிலிருந்து இறங்கிவந்த, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிற மலைக்காரருக்குத் தெரியாது. வருஷா வருஷம் அவருடைய புளியை வாங்கி, எங்கள் வீட்டிலேயே சோறு போட்டு அனுப்புகிறவர் என் கொழுந்தனார். அவர் தூணில் கட்டுண்டு நிற்பதையும் முதுகு சிவப்பதையும் பார்த்த அண்ணன், இடுப்பிலிருந்த கொடுவாளை உருவிக்கொண்டு ஓடினார்.

இதுவும் நாடகம்தான் என்று கூட்டம் நினைத்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். தொப்பிக்குள் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்குச் சாட்டையை ஓங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் நான் வாய்விட்டுப் பேசியதில்லை. குரல் எங்கிருந்து வந்ததோ.

"அண்ணா! வேணாங்க! அது என் வூட்டுக்காரரு!"

அண்ணன் ஓங்கிய கொடுவாளோடு திரும்பினார். "உன் வூட்டுக்காரன்னா கட்டிப்போட்டு அடிப்பானா? அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணிச்சு?"

தூணிலிருந்து கொழுந்தனார் கத்தினார். "சாயம்ணா! வெறும் சாயம்! தொட்டுப் பாருங்க!"

அண்ணன் துண்டால் அவர் முதுகைத் துடைத்துப் பார்த்தார். காயமில்லை. கொடுவாள் கீழே விழுந்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் திரும்பிப் பார்த்தார்.

ரோமர்கள் ரோடு போட்டார்கள், சட்டம் எழுதினார்கள், ஜனவரி, பிப்ரவரிகூட அவர்கள் வைத்த பெயர்தான் என்று பேத்தி இப்போது படித்துக் காட்டுகிறாள். இருக்கட்டும். அஞ்சாவதோடு நின்ற எனக்கு ரோமர் என்றால் அந்தத் தொப்பியும் அதை நோக்கி ஓங்கிய கையும்தான்.

மறு வருஷமும் அண்ணன் வந்தார். நாடகத்துக்கு முதுகைக் காட்டி, என் எதிரே, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். சாட்டைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடினார். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சிச்சாம்மா?"

"இன்னும் இல்லீங்கண்ணா."