'கபடி' என்றுதான் பாட வேண்டுமாம்

கார்வேட்டிநகரத்துப் பக்கம் நடந்த சடுகுடுப் பந்தயத்துக்கு எங்கள் அணியைக் கட்டியதே ஒருவனுடைய மூச்சை நம்பித்தான். பாடிப் போக அவன் மட்டும். மற்ற ஆறு பேரும் பிடிக்கிற ஆட்கள். அப்படியே எல்லாரையும் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

களத்தில் இறங்கிய பிறகு நடுவர் சொல்கிறார், இனிமேல் 'சடுகுடு' என்று பாடக் கூடாதாம், 'கபடி' என்றுதான் பாட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின ஆட்டம் வரை இல்லாத சட்டம் இப்போது எங்கிருந்து முளைத்தது?

"ரெண்டு டீமுக்கும் ஒரே ரூலுதானே? எதுக்குக் கத்திக்கினு கீறே?" என்றார்.

ஒரே ரூலாம்! எதிரணிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலேயே 'கபடி' சொல்லிப் பழகியவர்கள். எங்கள் ஆள் 'கபடி, கபடி' என்றுதான் போனான். ஒருவனைத் தொட்ட வேகத்தில் வாய் தானாகச் 'சடுகுடு'வுக்குத் திரும்பிவிட்டது. உடனே விசில். அவன் அவுட். அவனை விட்டால் பாடிப் போக எங்களிடம் வேறு ஆள் இல்லை. தோற்றோம்.

பரிசு கொடுக்கும்போது அதே நடுவர் மைக்கைப் பிடித்து முழங்கினார்: "சடுகுடுப் போட்டியில் முதல் பரிசு..."

அவருக்கு மட்டும் யாரும் விசில் ஊதவில்லை.