மாமியாராக உட்கார்ந்திருந்தேன்

1950களின் கடைசியில் கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். மலைமேல் திண்ணனூர் நாடு என்ற பகுதியிலிருந்து ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். கைக்குழந்தை காய்ச்சலில் போனதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. கூழ் ஊட்டினேன், குளிப்பாட்டினேன், சிக்கெடுத்துத் தலை பின்னினேன். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் பட்டணத்தில் மனநோய் நர்சிங் படித்த ஒருத்தி வேலைக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள். நர்சுக்கும் நோயாளிக்கும் நடுவே வளரும் உறவுதான் மருந்து என்று ஒரு புதுக் கோட்பாடு சொன்னாள். தினமும் ஒரே நேரத்துக்குப் போய் அந்தப் பெண்ணின் கட்டிலருகே உட்காருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அழுக்குத் துணியை நான் அலசிக்கொண்டிருப்பேன்.

ஒரு காலையில் அந்தப் பெண் அவளிடம், "நாளைக்கும் வருவியா கண்ணு?" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் ஊட்டிய கை என்னுடையது.

"உன்கிட்ட மட்டும் என்ன பேச்சு?" என்று சின்னவளிடம் கேட்டேவிட்டேன்.

"என்னைத் தன் தங்கச்சின்னு நினைக்கிறாக்கா. நோயாளிங்க நம்மள அவங்க வீட்டு ஆளா நினைப்பாங்கன்னு பாடத்துலயே சொல்லியிருக்கு. நீங்களும் உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்னை அக்கா என்பாள், அம்மா என்பாள் என்று உள்ளுக்குள் ஆசை. சில நாள் கழித்து என் கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். "புள்ளைய டாக்டருகிட்ட தூக்கிட்டுப் போறேன்னு கால்ல உழுந்தேனே, உட்டீங்களா? சாமி பாத்துக்கும்னீங்களே!"

சட்டென்று எழுந்தேன். சின்னவள் ஓடி வந்து என் தோளை அழுத்தினாள். "அவ திட்டுறது உங்கள இல்லக்கா, அவ மாமியார. எந்திரிக்காதீங்க. திட்டித் தீர்க்கட்டும்."

இவளுக்குத் தங்கச்சி, எனக்கு மாமியாரா! கோபத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் கத்திக் கத்தி ஓய்ந்து, குழந்தை செத்த பிறகு முதல் முறையாக அழுதாள். மறுநாளும் திட்டினாள், அழுதாள். அதற்கப்புறம் தானே தட்டை இழுத்துச் சாப்பிட்டாள்.

தேறி வீட்டுக்குப் புறப்பட்ட அன்று சின்னவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். என்னிடம், "வாரேனுங்க நர்சம்மா," என்று கும்பிட்டாள், அவ்வளவுதான். டாக்டர் சின்னவளைத் தட்டிக்கொடுத்தார்.

"பாதி வேலை அக்கா செஞ்சதுங்க," என்றாள் அவள்.

பாதிதானா என்று தோன்றியது. அன்று சாயங்காலம் வழக்கம்போல் அவளுக்கும் சேர்த்துப் போடாமல் எனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தேன்.