அணைப்பு

மேஜையில் கிடக்கும் குழந்தையின் காதில் அந்தப் பெண் ஒருமுறை ஊதுகிறார். தோள் அசையவில்லை. அப்புறம்தான் பிடரியில், முடிக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து அழுத்துகிறார். கண்கள் மூடிக்கொள்கின்றன. "அணைச்சாச்சு" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, முதுகிலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பிக்கிறார்.

செயற்கைக் குழந்தைகளைப் பழுது பார்க்கும் கடையில் ஒன்பது வருடமாக வேலை. கடையில் எல்லோருக்கும் இவர் டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே அரைமணி நேரம் தேடுகிற டாக்டர். வாய் ஓயாது. விளக்கை அணைப்பதற்கும் பிள்ளையை அணைப்பதற்கும் நமக்கு ஒரே சொல்தான் என்பதில் இவருக்குத் தனிக் குஷி. "ரெண்டையும் ஒரே கையால செய்றவ நான்தாங்க" என்பார்.

பேட்டிக்காகப் போயிருந்த நான், காதில் ஊதுவது ஏன் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு தடவ தப்புப் பண்ணிட்டேங்க. ரிப்பேருக்கு வந்தது பெஞ்சுல கிடந்துச்சு. பக்கத்துலயே அதக் கொண்டு வந்தவங்க பெத்த புள்ள தூங்கிட்டிருந்திருக்கு. நான் அதத் தூக்கிட்டு வந்து அழுத்திட்டேன். வீல்னு கத்துச்சு பாருங்க! கைக்கு வித்தியாசம் தெரியலயே. அன்னையிலேருந்து ஊதிப் பாக்குறேன். நிஜப் புள்ளன்னா கூசும், தோளத் தூக்கும்."

போன மாதம் ரிப்பேருக்கு வந்த புது ரகமும், ஊதியதும் தோளைத் தூக்கியது.

"குலை நடுங்கிடுச்சு" என்றார். அதைவிட மோசமானது வீட்டில் நடந்திருக்கிறது. ஆறு வயது மகளுக்குத் தலை வாரும்போது விரல்கள் தாமாகப் பிடரிக்குப் போய் அழுத்திவிட்டன. அம்மாவின் வேலை தெரிந்த குறும்புக்காரி, விளையாட்டாகக் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள்.

"சட்டையத் தூக்கி முதுகப் பாத்தேங்க, ஸ்க்ரூ இருக்கான்னு. பத்து மாசம் சுமந்தவ நான்! இன்னொரு நாளும் அப்படிப் பாத்துடுவேனோன்னுதான் பயம்."

சொல்லிவிட்டு, கழற்றிய ஸ்க்ரூக்களைத் திரும்ப முடுக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடம் விட்டு மகள் கடைக்கே வந்தாள். பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டுக் கைகளை நீட்டினாள்.

"அம்மா, அணைச்சுக்கோ."

டாக்டரம்மா குனிந்தார். அவள் காதருகே வாய் போனது. ஊதவில்லை. பத்து விரல்களையும் உள்ளே மடக்கி, இறுக மூடிய முஷ்டிகளோடு மகளைக் கட்டிக்கொண்டார்.