மியென் எழுதாத அட்டை

என் தங்கை மியென் ஒரு சீட்டில் ஒரு கடையின் பெயரை எழுதினாள் என்றால், அந்த மாதம் அவள் அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் என்று பொருள். போன வருடம் சாப்பிட்டதெல்லாம் செல்லாது. சமைக்கிற கை மாறியிருக்கலாம், மீன் சாறு வாங்குகிற இடம் மாறியிருக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹுவே நகரில் இன்னும் சிலர் அவளைப் பற்றி வேறு விதமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் ஸ்பேனரை எங்கே வீசுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவன், பெயர் தோவான். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கப் போனவன். மியென் பன்னிரண்டு முடித்து ஆங்கிலமும் படித்தாள். ஆற்றின் தென்கரையில், இருபத்திரண்டு அறைகள் உள்ள ஒரு தங்கும் விடுதியில், வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் அவள் வேலைக்குத் தாமதமாகப் போனது இரண்டு முறை. இரண்டும் வெள்ளம் வந்த நாட்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே சாப்பிடலாம்? அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று மூன்று கேள்வி கேட்பாள். பிறகு மேசைக்குப் பின்னால் தொங்கும் தேதி கிழிக்கும் காலண்டரைத் திரும்பிப் பார்த்து, அன்றைய சந்திர நாளைச் சீட்டின் தலைப்பில் குறிப்பாள். அதற்குக் கீழே கடை, சந்து, நேரம், எந்தப் பக்கம் உட்கார வேண்டும், என்ன கேட்க வேண்டும்.

எங்கள் சந்து முனையில் லாய் அத்தை மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கிறார். அவருக்கான சீட்டு இப்படி இருக்கும்: "ஆறரைக்குப் போங்கள். எட்டரைக்கு அண்டா காலி. அத்தை சிடுசிடுப்பார், பயப்பட வேண்டாம். மிளகாய் விழுதைப் பாதியாகப் போடச் சொல்லுங்கள்." ஆற்றுச் சிப்பிச் சோற்றுக்கு ஒரு சீட்டு, கிண்ணி அப்பத்துக்கு ஒரு சீட்டு. எல்லாம் நீல மையில் எழுதுவாள். சிலர் இங்கிருந்து ஹோய் ஆனுக்கோ பாங்காக்குக்கோ போவார்கள், அங்கே எது நல்லது என்றும் கேட்பார்கள். அதைப் பென்சிலில் எழுதித் தருவாள். "நான் அங்கே போனதில்லை. போய் வந்த ஒருவர் சொன்னது" என்று அடியில் ஒரு வரி இருக்கும். எல்லை தாண்டி அவள் பார்த்த ஊர் லாவோஸில் சவன்னகேத் மட்டும். பஸ்ஸில் நான்தான் கூட்டிப் போனேன். அங்கே ஒரு கிழவர் விற்ற சுட்ட கோழிக்கு மட்டும் நீல மை கிடைத்தது.

அந்த விடுதிக்கு க்வாங் என்ற புது மேலாளர் சைகோனிலிருந்து வந்தான். வந்த இரண்டாம் மாதம் மியெனின் சீட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு அட்டை அடித்தான். பளபளவென்ற காகிதம். மேலே அவள் படம், கீழே "மியென் சொல்லும் பத்துக் கடைகள்" என்று எழுத்து. ஏழு கடைகள் அவள் எழுதியவை. மூன்றில் அவள் கால் வைத்ததே இல்லை. நேரம் இல்லை, சந்திர நாள் இல்லை, எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதும் இல்லை.

அவள் அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். என் தங்கையின் படம் அச்சில் வந்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? சிரிச்ச மாதிரி அழகாத்தானே இருக்க."

"இது நான் எழுதினது இல்லண்ணா."

"உன் பேரு போட்டிருக்கு. ஊருக்கே தெரியப் போகுது."

"அதான் பயமா இருக்கு."

நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. விடுதிக்குப் போய் க்வாங்கிடம் நாற்பது அட்டைகள் வாங்கி வந்தேன். ஒன்றைப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். மற்றவற்றை வண்டி பழுதுக்கு விட வந்தவர்களுக்கு, முடிவெட்டுகிறவருக்கு, டாக்சிக்காரர்களுக்கு என்று கொடுத்துத் தீர்த்தேன். "என் தங்கச்சி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். இதை மறைக்க மாட்டேன். க்வாங் மீது எவ்வளவு கோபமோ அதில் பாதி என் மீதும் உண்டு.

ஏழாம் மாதப் பௌர்ணமி வந்தது. எங்கள் ஊரில் சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாளும் முதல் நாளும் பாதி அடுப்புகளில் இறைச்சி ஏறாது. இறந்தவர்களுக்கான ஏழாம் மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். லாய் அத்தை அன்று காளானும் சோயாக்கட்டியும் போட்டு முப்பது கிண்ணம் நூடுல்ஸ் செய்வார், கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்காக. அந்தக் கிண்ணங்கள் தனி. நீல விளிம்பு வைத்தவை. பூசைப் பலகைக்குக் கீழே தனி அலமாரியில் இருக்கும். அவற்றில் ஒருநாளும் இறைச்சி பட்டதில்லை.

மியென் முந்தின நாளே க்வாங்கிடம் சொல்லியிருந்தாள், நாளைக்கு அறைகளில் அந்த அட்டையை வைக்க வேண்டாம் என்று. சரி சரி என்றானாம். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு இறந்துபோன அம்மாவின் பெயரில் விளக்கேற்றக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

காலை ஒன்பதே முக்காலுக்கு லாய் அத்தை பட்டறைக்கு வந்தார். அவர் அடுப்பை விட்டு வந்து நான் பார்த்ததே இல்லை.

"டேய் தோவான், எங்கடா உன் தங்கச்சி?"

"கோயிலுக்குப் போயிருக்கா அத்தை. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? என் பௌர்ணமிக் கிண்ணத்துல பன்னிக்கறி விழுந்துச்சு. அதான் ஆச்சு."

"யாரு போட்டது?"

"உன் தங்கச்சி அனுப்பின ஆளுங்க. பதினெட்டு பேரு. இதைத் தூக்கித் தூக்கிக் காட்டுறானுங்க." அட்டையை என் கருவித் தட்டில் எறிந்தார். "மாட்டுக்கறின்னு போட்டிருக்கே, எங்கன்னு கேக்குறான் ஒருத்தன். இன்னைக்கு சைவம்னேன். நாங்க என்ன சாமியாரான்னு கேட்டுட்டு, எதிர்க் கடைக்குப் போய்ச் சுட்ட கறிக் குச்சி வாங்கிட்டு வந்து என் கிண்ணத்துல உருவிப் போடுறான். அவனைப் பாத்து இன்னும் அஞ்சு பேரு. நான் கரண்டியைத் தூக்கினதும் போன்ல படம் புடிக்கிறானுங்க, மியென்ங்கிற பொண்ணு ஏமாத்திட்டான்னு."

"அத்தை, அவளுக்குத் தெரியாது..."

"தெரியாதா? யாரு மூஞ்சிடா அது, என் மூஞ்சியா? ஆறு கிண்ணத்தையும் உடைச்சுப் போட்டேன்." அப்போதுதான் சுவரைப் பார்த்தார். "ஓ, இங்கயும் ஒட்டி வச்சிருக்கியா? பூ போட்டுக் கும்பிடு."

போய்விட்டார். நான் அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. படம் இரண்டாகக் கிழிந்து பாதி சுவரிலேயே நின்றது.

பத்தேகாலுக்கு மியென் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எத்தனை மணிக்கு வந்தாங்களாம்?"

"ஒன்பது, ஒன்பதேகால் இருக்கும்."

"அப்ப கோயில்லேருந்து திரும்புற கூட்டம் முழுக்கப் பாத்திருக்கும்" என்றாள். கோயிலுக்குப் போட்டிருந்த சாம்பல் நிற அங்கியை மாற்றாமல் அப்படியே சைக்கிளைத் திருப்பினாள். நானும் பின்னால் போனேன்.

க்வாங் வரவேற்பில் இருந்தான். "என்ன தங்கச்சி, லீவு நாள்ல? அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்க. டீ சொல்லவா?"

"அட்டையை வைக்க வேணாம்னு நேத்து சொன்னேன்ல க்வாங் அண்ணே?"

"சொன்ன. மறந்துட்டேன். விடு. பழக்கூடை ஒண்ணு வாங்கிட்டுப் போய் அந்தம்மாகிட்டக் கொடுத்துடலாம். கிண்ணந்தானே உடைஞ்சுது, தலையா உடைஞ்சுது?"

"உன் தலையை உடைச்சா வித்தியாசம் தெரியும்" என்றேன்.

மியென் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ பேசாத. இது என் பேரு."

அவள் அட்டையை மேசையில் வைத்து மூன்று இடத்தில் விரலை ஊன்றினாள். "இந்த மூணு கடையில நான் தண்ணிகூடக் குடிச்சதில்ல."

"அவ்வளவுதானே? இன்னைக்கே மேசை போட்டுத் தரச் சொல்றேன், போய்ச் சாப்பிடு. நம்ம ஆளுங்கதான்."

"நீங்க அனுப்புற ஒரு ஆளுக்கு உங்களுக்கு எவ்வளவு குடுக்குறாங்க?"

அவன் சிரித்தான். வெட்கப்படுகிற சிரிப்புகூட இல்லை. "பாங்காக் போய்ப் பாரு, பாலி போய்ப் பாரு. எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான் இது."

"நான் பாத்ததில்ல. அதனால அதைப் பத்திச் சொல்ல மாட்டேன். என் படத்தை எடுத்துட்டு உங்க படத்தைப் போடுங்க. அப்புறம் எந்தக் கடையை வேணாலும் எழுதிக்கங்க."

"என் மூஞ்சியைப் பாத்து எவன் சாப்பிடப் போவான்?"

அந்த ஆள் அன்று சொன்னதில் உண்மை இது ஒன்றுதான். தெரிந்தேதான் அவள் முகத்தை எடுத்திருக்கிறான்.

"அட்டையா நானா, சொல்லுங்க" என்றாள் மியென்.

"ரெண்டாயிரம் அடிச்சாச்சு தங்கச்சி. தீர்ந்ததும் பாக்கலாம்."

அவள் மேசைச் சாவியை எடுத்து அட்டையின் மேல், தன் படத்தின் மேலேயே வைத்தாள். பின்னால் மாட்டியிருந்த காலண்டர் அவள் வாங்கியது. அதைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினாள். "அண்ணா, நீ எத்தனை அட்டை கொடுத்த?"

"நாப்பது. சுவத்துல ஒட்டினதோட சேத்து."

"யார் யாருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

என்னை ஒரு நொடி பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலையே ஏழு கடைகளுக்கும் அவள் தனியாகப் போனாள். ஒவ்வொரு கடையிலும் நின்று, அந்த அட்டை தன்னுடையது இல்லை, அதைக் காட்டி யார் வந்தாலும் தன் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டாம் என்றாள். சிப்பிச் சோற்றுக்காரர் நம்பினார். கிண்ணி அப்பக்காரி, "காசு குறைச்சுக் குடுத்துட்டானா?" என்று கேட்டாளாம். பதினோரு வருடம் ஒரு கடையிலும் ஒரு அப்பம்கூட இலவசமாக வாங்காதவளை! லாய் அத்தை முகம் கொடுக்கவே இல்லை. பதினாறாம் நாள் காலை ஆறரைக்கு மியென் வரிசையில் நின்றாள். அத்தை அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவருக்கு ஊற்றினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

நான் ஒரு தாளில் நாற்பது வரிசை எண் போட்டுப் பெயர்களை எழுதினேன். ஒன்றுக்கு நேரே பட்டறைச் சுவர். மற்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் அட்டையைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தவன், வாங்கும்போது எப்படி நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறியே, உன் தங்கச்சிக்குக் கல்யாணமா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"அது பொய் அட்டை. குடுய்யா."

"படம் நல்லா இருக்குன்னு கண்ணாடியில சொருகி வச்சிருந்தேன்."

"அதுக்குத்தான் போட்டிருக்கான் திருட்டுப்பய. குடு."

எட்டாம் மாதம் முதல் நாள் வந்தது. அன்றும் சைவம். மியென் தோங் பா சந்தையில் பன்னிரண்டு கடை ஏறி இறங்கி, நீல விளிம்பு வைத்த கிண்ணம் ஆறு வாங்கினாள். அத்தையின் பழைய கிண்ணத்தின் உடைந்த சில்லு ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். விளிம்பின் அகலம் சரியாக இருக்கிறதா என்று அதோடு ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். ஆறையும் அத்தையிடம் கொண்டுபோய்க் கடைப் பலகையில் வைத்தாள். பக்கத்தில் நான் திரும்ப வாங்கிய அட்டைகளைக் கட்டாக வைத்தேன்.

அத்தை கிண்ணங்களைத் தொடவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். பளபளப்புக் காகிதம், சரியாக எரியாமல் சுருண்டு புகைந்தது.

"எரியவும் துப்பில்லாத காகிதம்" என்றார். "வேலை போச்சாமே?"

"நானா விட்டுட்டேன் அத்தை."

"நானா விட்டுட்டேனாம். பெரிய மகாராணி." புதுக் கிண்ணம் ஒன்றைக் கழுவி, காளான் நூடுல்ஸ் ஊற்றி, மியென் முன்னால் டங்கென்று வைத்தார். "தின்னு. இந்த மாசம் எப்படி இருக்குன்னு தெரிய வேணாமா உனக்கு?"

இப்போது மியென் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்து அறை உள்ள ஒரு சின்ன விடுதியில் உட்காருகிறாள். சம்பளம் குறைவு. சீட்டு அவள் கையாலேயே எழுதுகிறாள், காலண்டர் பின்னால் தொங்குகிறது. பழைய விடுதியில் அட்டை இன்னும் இருக்கிறது. படம் மட்டும் வேறு. யாரோ ஒரு பெண் சிரிக்கிறாள், அவள் இந்த ஊரிலேயே இல்லை.

சுவரில் கிழிந்ததையும் சேர்த்து என் தாளில் முப்பத்தேழு பெயர்களுக்கு நேரே குறி போட்டாகிவிட்டது. மூன்று அட்டைகள் திரும்பி வரவில்லை. இரண்டு டா நாங் பக்கம் போன டாக்சிகளில். ஒன்றை வாங்கியவர் அதை யாரிடம் கொடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை. உங்கள் கையில் அது வந்து சேர்ந்தால், என் தங்கை சிரிக்கிற படம் என்று பார்க்க வேண்டாம். கிழித்துப் போடுங்கள்.