கழுவாத பாட்டில்

பாட்டிலின் அடியில் ஒட்டிய வழவழப்பு போகவில்லை. டெல்மிரா தொட்டியில் இன்னும் கொஞ்சம் குளோரினை ஊற்றித் தேய்த்தாள். கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கெல்லாம் முற்றத்துக் கொடியில் துணிபோல் காய்ந்துகொண்டிருந்தது.

வேலியருகே வந்த டாக்டர் இரசேமா அப்படியே நின்றுவிட்டாள். பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவைத் தேடி மாஸ்கா கடற்கரையில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவள். டெல்மிரா பொறுக்கிக் கொடுத்த பிளாஸ்டிக் எதிலும் ஒன்றும் வளரவில்லை, கூடத்தை மூடப்போகிறார்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"உங்களுக்குத்தான், டாக்டர்."

"இதுவரைக்கும் எல்லாத்தையும் கழுவித்தான் குடுத்தீங்களா?"

"பின்னே? அடுத்தவங்க வீட்டுக்கு அழுக்கோடயா அனுப்புவாங்க? எங்கம்மா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து அடிப்பா."

டாக்டர் கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். "அந்த அழுக்குதான்க்கா எனக்கு வேணும். பாக்டீரியா அதுலதான் இருக்கு. மொத்தத்தையும் கொன்னுட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கழுவுவீங்கன்னு கனவா கண்டேன்?"

மழைக்கு மழை மொட்டாகுவா ஆறு மலைநாட்டுக் குப்பையைக் கடலில் தள்ளும். கடல் அதை டெல்மிராவின் வாசலில் தள்ளும். கல்யாணமாகி வந்ததிலிருந்து வாரிக்கொண்டிருக்கிறாள். வாருவதைத் தவிர வேறு வழி உண்டு என்று சொன்னவள் இந்த டாக்டர் மட்டும்தான். கூடம் போனால் அந்தப் பேச்சும் போய்விடும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க."

"மூடறதுக்கு இன்னும் ஒரு மாசம் டைம் கேட்டுப் பார்க்கிறேன்."

டெல்மிரா அலையாத்திக் காட்டுச் சேற்றில் இடுப்பளவு இறங்கி, வருடக்கணக்காய்ப் புதைந்து கிடந்த ஒரு பாட்டிலைப் பிடுங்கினாள். நாறியது. வெட்கமாக இருந்ததால் துணி போட்டு மூடிக்கொண்டு தெருவழியே நடந்தாள்.

"டாக்டருக்கு விருந்தாடி?" என்றாள் பக்கத்து வீட்டு பாசிலியா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஆமா. நீயும் வாயேன், ஒரு வாய் திங்க."

அந்த மாதம் முடியும் முன்பே டாக்டர் ஆளனுப்பினாள். மேசையில் ஒரு சிறு கண்ணாடித் தட்டு. பிளாஸ்டிக் பொடி கலந்து பால்போல் மங்கியிருந்தது. நடுவில் கிருமி உட்கார்ந்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருந்தது. டெல்மிரா தட்டுக்கு அடியில் விரலை வைத்தாள். வட்டத்தின் வழியே நகம் தெரிந்தது.

"தின்னுடுச்சா?"

"தின்னுடுச்சுக்கா. கொஞ்சம்தான். ஆனா கூடத்தை மூடல."

டெல்மிரா வெளியே போய்த் தெருவையே கூட்டிவந்தாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பாசிலியா இரண்டு முறை பார்த்தாள்.

"இத்தனூண்டு வாயை வச்சுக்கிட்டு இது எப்படிடீ கடலைத் திங்கும்?"

"நீ பேசிப் பேசி ஊரையே திங்கலியா?"

டாக்டர்தான் முதலில் சிரித்தாள். யாரோ மத்தளம் கொண்டுவந்தார்கள். இருட்டும்வரை ஆடினார்கள், நடுவில் டெல்மிரா.

மறுநாள் மலையில் மழை. குப்பை வந்தது. டெல்மிராவும் பாசிலியாவும் மதியம்வரை வாரினார்கள். குப்பை அள்ளும் லாரி தாமதமாக வந்தது. மரவள்ளி அப்பமும் தேங்காய்ப்பால் மீனும் சாப்பிட்டுவிட்டு டெல்மிரா கொஞ்சம் தூங்கினாள்.