வாய் கேட்காத தண்ணீர்

செல்லத்தாய் அக்காவை உப்பளம் கொன்றது. மாரடைப்பு என்று ஊருக்குள் சொல்கிறார்கள்; நம்பாதீர்கள். அவர் மகள் ராணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "அம்மா போயிட்டாளே" என்று அழுதபோது, நான் அதே அளத்தில் லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். கங்காணியிடம் சொன்னேன். "இந்த லோடை முடிச்சிட்டுப் போலே" என்றார்.

அக்காவோடு உப்பு வாரிய உங்களுக்குத் தெரியும். தண்ணீர் டிரம் ரோட்டோரக் கொட்டகையில் இருக்கும். பாத்தியிலிருந்து வரப்பு வழியே வெகுதூரம் நடக்க வேண்டும். கழிப்பறை கிடையாது, அதனால் இளம்பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்வார்கள். அறுபதைத் தாண்டிய அக்காவுக்கு அடக்குவதற்கே தாகம் இல்லை. "எனக்கு எங்கலே தாகம் எடுக்கு? நான் ஒட்டகம்லா" என்று தன் பாட்டிலையும் என்னிடம் நீட்டுவார்.

கங்காணிக்கு அது வசதியாகப் போயிற்று. "ஏளா, செல்லத்தாயப் பாத்துப் படிங்க. தண்ணி தண்ணின்னு ஓடுதாளா?" என்று எல்லோர் முன்னும் மெச்சுவார். ஒருநாள் அக்கா வாருபலகையை ஊன்றி நின்று சொன்னார்: "மெச்சுனது போதும் அண்ணாச்சி. ஒட்டகத்துக்குக் கூலியக் கூட்டிக் குடுங்க." எல்லோரும் சிரித்தோம். கூலி கூடவில்லை.

கடைசியாக வேலைக்கு வந்த நாளில், வாரி முடித்த பாத்தியையே மறுபடி வாரிக்கொண்டிருந்தார். நாக்கு குழறியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்லே" என்றவர் அப்படியே வரப்பில் சரிந்தார்.

"ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்குப் போவாங்களா?" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் கேட்டார். ராணி தலையாட்டினார். "உடம்புல தண்ணி குறைஞ்சா, இருக்கிறதை விட்டுடாதேன்னு மூளையில இருந்து ஒரு ஹார்மோன் கிட்னிக்குச் சொல்லும். வயசானா கிட்னி அதுக்குச் சரியாப் பணியாது. தாகமும் மங்கிப்போகும். உடம்பு காஞ்ச பிறகும் வாய் தண்ணி கேக்காது. நாமதான் குடுக்கணும்."

கருமாதிக்குக் கங்காணியும் வந்தார். உட்கார்ந்ததும் ராணி ஒரு செம்புத் தண்ணீரை அவர் முன்னால் வைத்தார். குடித்துவிட்டுக் கங்காணி சொன்னார்: "டிரம் நெறைய தண்ணி கெடந்துச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லுவோம்?"

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, யாராக இருந்தாலும் நேருக்கு நேர் பேசிவிடும் அந்த வாய். அதை வைத்துத்தான் கேட்டேன்.

"இப்ப நீங்க கேட்டுத்தானா இந்தத் தண்ணி வந்துது, அண்ணாச்சி? அளத்துலயும் இப்படிக் கொண்டுபோய்க் குடுங்க. வயசானவுக கேக்க வரமாட்டாக. நாளைக்கே அதுக்கு ஒரு ஆள் போடுங்க."

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் தன் செருப்பைத் தேடினார்.